செய்முறையில் விட்ட வரி

"அம்மா, ஜெயமலர் அன்ரிக்கு ஏன் பெருஞ்சீரகத்தைச் சொல்லேல்லை?" என்று என் மகள் ஜெனனி சின்ன வயதில் ஒருமுறை கேட்டாள். சுவிஸில், பாடன் நகரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த தோழி, கட்லட்டின் செய்முறையைக் கேட்டு எழுதிக்கொண்டு போன மாலை அது.

"எல்லாத்தையும் சொன்னால் எங்கட வீட்டுக் கட்லட்டை ஆர் தேடி வருவினம்?" என்றேன்.

ஜெயமலர் அடுத்த கிழமையே வந்தாள். "எங்கட கைக்கு உந்த ருசி வராதப்பா, நீங்களே செய்து தாங்கோ." செய்து கொடுத்தேன். இதில் யாருக்கும் நட்டமில்லை.

நான் இரசாயனவியல் ஆய்வாளர். எத்தனை கட்டுரை வெளியிட்டோம், அவற்றை எத்தனை பேர் தங்கள் கட்டுரைகளில் மேற்கோள் காட்டினார்கள் என்பதுதான் எங்கள் தொழிலில் ஒருவருடைய பெறுமதி. நிரந்தரப் பதவிக்குத் தெரிவுக்குழு என் பெயரை எடுத்திருந்த நேரத்தில், என் புதிய செய்முறைக் கட்டுரையில் ஒரு வரியை விட்டேன். கரைசலை வற்றவைக்க முன், அதில் மிஞ்சியிருக்கும் பெரொக்சைட் என்ற இரசாயனத்தைக் கழுவி அகற்ற வேண்டும். அகற்றாவிட்டால் பொருள் கெடும். கெட்டால் என்னிடம் வருவார்கள், நான் சரிசெய்து கொடுப்பேன், அவர்களுடைய கட்டுரையில் என் பெயரும் சேரும். வந்தார்கள். ஒருவரையும் வெறுங்கையோடு அனுப்பவில்லை. வெள்ளிக்கிழமை கோயிலில் அவர்களுக்காகவும் வேண்டிக்கொண்டேன்.

சிறிய குடுவையில் பொருள் கெடும். பெரிய குடுவையில் வெடிக்கும். எழுதும்போதே அது எனக்குத் தெரியும்.

வேறொரு ஆய்வுகூடத்தில் மாணவியாக இருந்த ஹரிஷா கெட்டிக்காரி. அவள் மட்டும் தொலைபேசியில் சரியான இடத்தைத் தொட்டாள்.

"அக்கா, வற்றவைக்க முன்னம் கழுவோணுமோ? கட்டுரையிலை ஒண்டும் இல்லை. நாளைக்குப் பெரிசாச் செய்யப் போறன்."

"எழுதினபடி செய்யும், பிள்ளை."

"அப்ப சரி. சரிவந்தால் உங்களுக்கு ஒரு பெட்டி சொக்கிலேற்."

ஓம் என்று சொல்லியிருந்தால் அவள் அதை என் கட்டுரைக்கு ஒரு திருத்தமாக எழுதி வெளியிட்டிருப்பாள். பிறகு எல்லோரும் அவளைத்தான் மேற்கோள் காட்டியிருப்பார்கள். தெரிவுக்குழு கூடுவதற்கு இன்னும் சில கிழமைகளே இருந்தன. பாதுகாப்புக் கண்ணாடி போடுவாள் என்று நினைத்தேன். குடுவை வெடித்தபோது போட்டுத்தான் இருந்தாள், அது தாங்கவில்லை.

அளவைக் கூட்டியது அவளுடைய பிழை என்று விசாரித்தவர்கள் முடிவு செய்தார்கள். அவளும் அப்படியே நம்புகிறாள். எனக்குப் பதவி கிடைத்தது. கட்டுரை இன்னும் அப்படியே இருக்கிறது. அந்த விபத்தைப் பற்றி எழுதுகிறவர்களும் அதையே மேற்கோள் காட்டுகிறார்கள்.

ஆனாலும் கடன் என்று ஒன்று இருப்பதை நான் மறக்கவில்லை. சனிக்கிழமைகளில் ரயிலேறி நொஷாட்டல் நகரத்தில் உள்ள அவளுடைய வீட்டுக்குப் போகிறேன். பார்வை போனவளுக்குப் புதிய கட்டுரைகளை வாசித்துக் காட்டுகிறேன். அவளுடைய தாய் வேலைக்குப் போயிருக்கும் நேரம் அது. நான் ஒருவருக்கும் சொல்வதில்லை. செய்த உதவியைச் சொல்லிக்காட்டினால் பலன் போய்விடும்.

போன சனி அவள் என் கட்டுரையைக் கேட்டாள்.

"அந்தச் செய்முறையை ஒருக்கா வாசியுங்கோ அக்கா. நான் எங்கை பிழைவிட்டனான் எண்டு பாப்பம்."

நிதானமாக வாசித்தேன். வற்றவைக்கும் இடம் வந்தபோது அவள் தலையைச் சற்றுத் திருப்பினாள்.

"அவ்வளவுதானோ?"

"ஓம், பிள்ளை. அவ்வளவுதான்."

அவள் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். கடன் அன்றோடு தீர்ந்தது. அச்சில் இருந்ததில் ஒரு சொல்லையும் நான் விட்டுவிடவில்லை.