அடக்கமான பெண்

என் மகள் அல்லிக்குக் காபியில் சர்க்கரை தூக்கலாக இருக்க வேண்டும், ஐயா. அவள் அப்பாவும் அப்படித்தான். அவர் இறந்த பிறகு, எண்பத்திரண்டாம் வருஷம், காரைக்காலில் ஒரு நர்சிங் ஹோமில் எனக்கு ஆயா வேலை கிடைத்தது. சுரக்குடியிலிருந்து அவளையும் அழைத்துக்கொண்டு வந்தேன். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது.

அவளுக்கு ஒரு கோளாறு உண்டு. தோள் வெட்டி வெட்டி இழுக்கும். தலை ஒரு பக்கமாக உதறும். தொண்டையிலிருந்து நாய்க்குட்டி குரைப்பதுபோல் சத்தம் வரும். சில நேரம் கெட்ட வார்த்தையும் வந்துவிடும். பழைய பள்ளிக்கூடத்தில் வெயிலில் நிற்க வைத்துப் பார்த்தார்கள். பிறகு வரவேண்டாம் என்றுவிட்டார்கள். பாண்டிச்சேரி டாக்டர் ஒருவர் அந்த நோய்க்கு ஏதோ பிரெஞ்சுக்காரர் பெயரைச் சொன்னார்.

"அவ வேணும்னு செய்யலம்மா. அடக்கு அடக்குன்னு சொல்லாதீங்க. புதுப் பள்ளிக்கூடத்துல முன்னாடியே சொல்லிடுங்க."

நான் சொல்லவில்லை. சொன்னால் அது அவள் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். முதல் நாள் காலை, நர்சிங் ஹோமிலிருந்து எடுத்து வந்த தூக்க மாத்திரையைப் பொடித்துக் காபியில் கலந்தேன். அதன் பிறகு தினமும் கலந்தேன். இழுப்பு கொஞ்சம் குறைந்தது.

"தல நிக்கலம்மா. எழுத்தெல்லாம் மங்கலாத் தெரியுது" என்பாள்.

"புது எடம், அப்படித்தான் இருக்கும்" என்பேன்.

ஒரு நாள் அவளுடைய டீச்சர் ரோஷன் பேகம் வீடு தேடி வந்தார்.

"அல்லி தானே எந்திரிச்சு வகுப்புல எல்லாத்தையும் சொல்லிட்டாம்மா. 'எனக்கு இப்படித்தான் வரும், பயந்துடாதீங்க'ன்னு. பிள்ளைங்க இப்ப கண்டுக்கறதே இல்ல. ஆனா ஏன் இப்படித் தூங்கி விழுறா? ஆண்டு விழாவுல அவளப் பாடச் சொல்லியிருக்கேன். பாடுறப்ப அந்தக் குரைக்கிற சத்தம் வரவே இல்லியே, நீங்க பாத்திருக்கீங்களா?"

நான் பார்த்ததில்லை. டீச்சருக்கும் காபி கொடுத்தேன். அதில் ஒன்றும் கலக்கவில்லை.

"நீ முன்னாடி வந்து உக்காரணும்மா" என்றாள் அல்லி. எனக்கு அந்தக் கூட்டம்தான் கண்ணில் நின்றது. பாட்டு முடிந்து அவள் மேடையிலிருந்து இறங்குவதற்குள் அந்தச் சத்தம் வந்துவிட்டால், மானம் போக அதுவே போதும்.

விழா அன்று காலை எத்தனை மாத்திரை போட்டேன் என்று கேட்கிறீர்கள். குப்பியில் இருந்ததெல்லாம். விழா முடியும்வரை தூங்கட்டும் என்றுதான்.

"இன்னிக்குக் கசக்குதும்மா."

"தொண்டைக்கு நல்லது. குடி."

குடித்துவிட்டுப் படுத்தாள். வெகு நேரம் கழித்துத் தோள் ஒரு முறை இழுத்தது. பிறகு இழுக்கவில்லை. மூச்சு மட்டும் கரகரத்தது. நர்சிங் ஹோமில் அப்படிப்பட்ட மூச்சைக் கேட்டிருக்கிறேன். உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டிய மூச்சு அது. நான் சீப்பை எடுத்துவந்து அவள் தலையை வாரினேன். வகிடு நேராக எடுக்க முடிந்தது அன்றைக்குத்தான். கனகாம்பரம் வைத்தேன்.

இந்த அறைக்கு வெளியே இப்போது ஒரு சத்தம் கேட்டதே, நாய்க்குட்டிதானா? வாசலில் நிற்கிற உங்கள் ஏட்டு ஐயாவைக் கொஞ்சம் பார்க்கச் சொல்லுங்கள். ராத்திரி முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தது.

மூச்சு நின்ற பிறகு பக்கத்து வீட்டு ராஜத்தைக் கூப்பிட்டேன். அந்த வீட்டுக்குக் குடிவந்ததிலிருந்து நானாக ஒருவரை உள்ளே அழைத்தது அதுதான் முதல் தடவை.

"வாங்க, வந்து பாருங்க, எம் பொண்ணு எவ்வளவு அடக்கம்னு" என்றேன்.