நானூற்று முப்பத்து மூன்றாம் பக்கத்திலிருந்து

“ஹலோ... ஆமாங்க, முருகவேல் ஊடுதானுங்க... அவரு சம்சாரம் சுப்புலட்சுமி பேசறேன்... ஆரு?... கூடப் படிச்சவீங்களா... பேரு?”

பனியனில் தையல் விட்ட இடத்தைக் காட்டும் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டப்போன அவள் கை அந்தரத்தில் நின்றது.

“அனுப்பிரியாவா?... இல்லீங்க, இல்லீங்க, லைன் கட்டாகல. சொல்லுங்க.”

செக்கிங்குக்கு வந்த பனியன் குவியலுக்குப் பக்கத்தில்தான் முருகவேல் படித்த ஆங்கில நாவலின் பாதி கிடந்தது. அவர் காலமான பிறகு பீரோவில் கிடைத்தது. ஓரமெல்லாம் அவருடைய பென்சில் எழுத்து. ஒவ்வொரு குறிப்பும் ‘அனு’ என்றுதான் தொடங்கும். அது யாரென்று கேட்க ஆளில்லாமல், அந்தப் பெயர் வந்த இடத்திலெல்லாம் ஒரு சிவப்பு அம்பை ஒட்டிவைத்திருந்தாள் சுப்புலட்சுமி.

“ஆமாங்க... ஆமாங்க, மாசியில. நெஞ்சு வலிக்குதுன்னாரு, ஆஸ்பத்திரி வாசல்ல வண்டி நிக்கறதுக்குள்ளயே... ம்... நாலு மாசம் கழிச்சாச்சும் கேக்கோணும்னு தோணுச்சே... ஐயோ, குத்திக்காட்டலீங்க.

“இப்ப எங்கிருக்கறீங்க?... கோயமுத்தூருல புரொபசரா! அதே நாவலைத்தான் நடத்தறீங்களா?... இருவது வருசமாவா? குடுத்து வெச்சவீங்க. இவரும் அதே எம்.ஏ.தான். பனியன் வாங்கற வெளிநாட்டு பையருக்கு மெயில் அடிக்கத்தான் ஆச்சு. ‘சரக்கு ரெண்டு நாள் லேட்டு’ன்னு எழுதறதுக்கு விக்டோரியா ராணி காலத்து இங்கிலீசு எதுக்குங்க?... ம், ம்.

“பொஸ்தகமா?... இருக்குது. பின்பாதிதான். பஸ்ஸுல தூக்கிட்டுப் போகக் கனமா இருக்குதுன்னு ரெண்டா வெட்டுனாராமா, முன்பாதி எங்கியோ தொலஞ்சு போச்சாமா... என்னது?... உங்ககிட்டயா?”

சுப்புலட்சுமி எழுந்து நின்றாள்.

“ஒரே சமயத்துல ரெண்டு பேரும் படிக்கறதுக்கா... செரி... செரிங்க.”

வெட்டிய கதை வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மாமனார் நாச்சிமுத்து கட்டிங் மாஸ்டர். நூறு மடிப்புத் துணியை ஒரே இழுப்பில் அறுக்கும் மிஷினில் மகன் முருகவேல் நாவலின் முதுகைக் கொடுத்துவிட்டான். காகிதத்தில் கத்தி மழுங்கி, மறுநாள் ஒரு லாட் துணி முழுவதும் பிசிறடித்தது. முருகவேல் அதைச் சொல்லும்போதெல்லாம் அவள் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறாள். இருபது வருடமாக, பஸ்ஸில் கனமாக இருந்ததென்று நம்பிக்கொண்டு சிரித்திருக்கிறாள்.

“எங்க மாமனாரு அளவுக் குச்சியில இவர வெளுத்தெடுத்ததையாச்சும் உங்ககிட்ட சொல்லாம இருந்தாரா... அதுவும் தெரியுமா. செரி.

“ம்... படிச்சு முடிச்சுட்டு மாத்திக்கறதா இருந்தீங்களா... அதுக்குள்ள உங்களுக்குக் கல்யாணம் முடிவாயிருச்சா... மறு ஆவணியில எங்களுக்குங்க. பேரெழுதி உங்களுக்குப் பத்திரிகை வெச்சாரான்னு தெரியல... வெச்சாரா. நீங்கதான் வரலையா.

“இருங்க, ஒண்ணு கேக்கறேன். எனக்குக் கெடச்ச மொதப் பக்கம், நானூத்தி முப்பத்தி மூணுல, மழையில ஒரு வண்டி நிக்குதில்லீங்க, உள்ள ஒரு பொம்பள அழுவறா. அவ ஆருங்க? என்கிட்ட இருக்கற பாதியில எங்கயும் பேரே வரல... ஓ... மூத்த தாரமா... அவளத் தெரிஞ்சாத்தான் மத்ததெல்லாம் புரியுமா... ஆமாங்க, ஆமாங்க. எனக்குப் புரியாமப் போனதுல ஆச்சரியமில்லீங்க. அவள நீங்க வெச்சிருக்கறீங்க.”

மறுமுனையில் குரல் தணிந்தது. அடுத்து என்ன வரும் என்று சுப்புலட்சுமிக்குத் தெரிந்திருந்தது.

“எழுதியிருக்காரான்னா... பென்சில்ல என்னமோ அங்கங்க இருக்குது... ஆருக்குன்னெல்லாம் போடலீங்க.”

அவள் கட்டைவிரல் ஓர் அம்பின்மேல் இருந்தது.

“வேணுமா?... நேருல வர்றீங்களா?... வேண்டாம் வேண்டாம், ஞாயித்துக்கெழம சரக்கு போகோணும். அதுவுமில்லாம நான் இன்னும் படிச்சு முடிக்கலீங்களே... நான் பன்னெண்டாவதுதான். டிக்சனரிய வெச்சுட்டு ஒரு நாளைக்கு நாலஞ்சு பக்கம், அதுவும் கரண்டு இருந்தா... சிரிக்கறீங்களா?... அழுவறீங்களா?...”

சுப்புலட்சுமி போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

“அட, தண்ணி குடிங்க முதல்ல... குடுக்காம எங்க போகப்போறேன்? முடிச்சதும் நானே கூப்படறேன்... இப்ப எந்தப் பக்கத்துல இருக்கறேனா?”

முந்தாநாள்தான் கடைசி வரியை முடித்திருந்தாள். அடையாளத்துக்கு வைத்திருந்த பனியன் லேபிள் கடைசித் தாளிலிருந்து எட்டிப் பார்த்தது. அதை உருவி, முதல் தாளுக்குள் செருகினாள்.

“நானூத்தி முப்பத்தி மூணுலதானுங்க. வண்டி இப்பத்தான் வந்து நின்னிருக்குது... வெச்சர்றேனுங்க.”

பதிலுக்குக் காத்திராமல் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.