மேடையில் ஒலித்த குரல் சுதாகரனுடையதே

என் பெயர் வீரய்யா பிரேமினி. வயது இருபத்தொன்பது. மணமாகவில்லை. பொகவந்தலாவை, நோர்ஹில் தோட்டம், மேற்பிரிவு, நான்காம் இலக்க லயத்து வீட்டில் தாயாருடன் வசிக்கிறேன். முன்னர் அத்தோட்டத்துச் சிறுவர் நிலையத்தில் ஆசிரியையாக இருந்தேன். தற்போது பஜாரில் என் மாமா சின்னராசா நடத்தும் ஒலிபெருக்கிக் கடையில் வேலை செய்கிறேன். எங்கள் தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவராக இருந்த சுதாகரன் என்மீது பொலிஸில் கொடுத்த முறைப்பாடு எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. அது தொடர்பாக நான் கூறுவதாவது:

கடந்த மழைக்காலத்தில் என் பெரியம்மா வீரம்மா மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது குளவிக் கொட்டுக்கு ஆளானார். கொழுந்து ஏற்ற வந்த லொறி அப்போது ரோட்டில் நின்றது. அதில் அவரைக் கொண்டுபோகும்படி உடனிருந்த பெண்கள் கேட்டதற்கு, தோட்டத்து மேலாளரான துரையின் உத்தரவு வேண்டும் என்று சாரதி கூறியதால், அவர்கள் சுதாகரனுக்குப் போன் எடுத்தார்கள். துரையிடம் கேட்டுச் சொல்வதாக அவர் கூறினார். அதன்பின் அவரிடமிருந்து பதில் வரவில்லை. லொறி போய்விட்டது. அதன்பின் பெண்கள் பெரியம்மாவைப் படங்குச் சாக்கில் கிடத்தித் தூக்கி வந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அவர் இறந்தார். முகம் வீங்கிப்போயிருந்ததால் காதிலிருந்த தோட்டைப் பார்த்தே நான் அடையாளம் சொன்னேன்.

அதன்பின் நான் முகநூலில், கொழுந்தை ஏற்றிய லொறி என் பெரியம்மாவை ஏற்றவில்லை என்று எழுதினேன். அவ்வளவுதான் எழுதினேன். யாருடைய பெயரையும் போடவில்லை. அதன்பின் தோட்டத்திற்கு அவப்பெயர் உண்டாக்கியதாகக் கூறி என்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். நான் சுதாகரனிடம் முறையிடப் போனேன். அவர் வாசலில் நின்றபடியே, "எழுதும்போது எங்கிட்டக் கேட்டீங்களா டீச்சர்? இப்ப எதுக்கு வர்றீங்க?" என்றார். எங்கள் வீட்டோடு பழகுகிறவர்களுக்குச் சங்கம் எதற்கும் வராது என்று அவர் லயங்களில் சொல்லிவைத்ததைப் பின்னர் அறிந்தேன். பெரியம்மாவின் கருமாதிக்கு யாரும் வரவில்லை. அவருடன் ஒரே நிரையில் கொழுந்து பறித்த காளியாயிகூட வரவில்லை. ஆக்கிய சோற்றை அண்டாவோடு தூக்கிப்போய் நானும் அம்மாவும் சாக்கடைக் கானுக்குள் கொட்டினோம்.

அதன்பின் எங்கும் எனக்கு ஆசிரியை வேலை கிடைக்காததால் மாமாவின் கடைக்குப் போனேன். அங்கிருக்கும்போது சுதாகரனின் குரல்பதிவு ஒன்று வட்ஸ்அப்பில் எனக்குக் கிடைத்தது. அனுப்பியவர் யாரென்று கேட்கப்பட்டது. சொல்ல மாட்டேன். அது எனக்கு வேலை போன சமயத்தில் அவர் தன் நண்பர் ஒருவருக்குப் பேசி அனுப்பியது. அதில் அவர், "லொறிக்குத் தொரைகிட்ட நான் கேக்கவே இல்ல. ஒரு கெழவிக்காக அவர மொறைச்சிக்க முடியுமா? அந்த டீச்சர் வேலையயும் நான்தான் சொல்லி நிப்பாட்டினேன். வயிறு காஞ்சா வாய் தானா மூடும்" என்கிறார். இதை நான் யாருக்கும் அனுப்பவில்லை. அவர் மேடை ஏறும் நாளுக்காக வைத்திருந்தேன்.

அதன்பின் தோட்ட மைதானத்தில் சங்கத்தின் மகளிர் தினக் கூட்டம் நடந்தது. ஒலிபெருக்கி எங்கள் கடையுடையது. நானே போகிறேன் என்று மாமாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். என் எண்ணம் அவருக்குத் தெரியாது. சுதாகரன் மாலையுடன் பேச எழுந்து, வீரம்மா அக்காவின் உயிருக்காகத் துரையோடு சண்டை பிடித்தவன் தான் என்றார். பெண்கள் கை தட்டினார்கள். நான் அவருடைய மைக்கை நிறுத்திவிட்டுக் குரல்பதிவைப் போட்டேன். கை தவறிப் போட்டதா என்று கேட்கப்பட்டது. இல்லை.

அது ஓடி முடிந்ததும் சுதாகரனின் மனைவி சர்மிளா மகளைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். "போதும் டீச்சர். புள்ள கேட்டுக்கிட்டு நிக்குது" என்றார். அந்தப் பிள்ளை நிலையத்தில் என் மடியில் தூங்கிய பிள்ளை. என்னைப் பார்த்துச் சிரித்தது. நான் சத்தத்தைக் கூட்டி, முதலிலிருந்து இன்னொரு முறை போட்டேன். அதன்பின் காளியாயி மேடையேறி சுதாகரனின் கழுத்து மாலையைக் கழற்றி எடுத்துக்கொண்டு இறங்கினார். நான் வயர்களைச் சுருட்டினேன்.

அதன்பின் சங்கம் சுதாகரனை நீக்கியது. இப்போது தண்ணீர்ப் பீலிக்கரையில் சர்மிளாவோடு ஒருவரும் பேசுவதில்லை. எல்லோரும் போனபின்தான் தண்ணீர் எடுக்க வருகிறார். நானும் பேசுவதில்லை.

நான் சுதாகரனுடைய மானத்தைக் கெடுத்ததாக முறைப்பாட்டில் உள்ளது. அவர் பேசியதைத்தான் ஊர் கேட்டது. நான் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. மன்னிப்புக் கேட்டால் சமாதானமாகப் போகலாம் என்று சார்ஜன்ட் கூறினார். நான் சம்மதிக்கவில்லை. வழக்குப் போட்டால் அந்தக் குரல்பதிவை நீதிமன்றத்திலும் போட வேண்டிவரும். அதற்கு நான் தயார்.

இவ்வாக்குமூலம் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. இறுதியில் 'நடந்தவற்றுக்காக வருந்துகிறேன்' என்று ஒரு வரி இருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை. என் வேண்டுகோளின்படி அந்த வரி வெட்டப்பட்டது. வெட்டிய இடத்திலும் ஒப்பமிட்டுள்ளேன். ஏனையவை யாவும் என் வாயால் நான் சொன்ன உண்மை.

(ஒப்பம்) வீ. பிரேமினி