கறவைப் போட்டிக்கு ஒரு நைட்டி

சாலவாக்கம் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு புருசன் பொஞ்சாதி. அவர் மடியில் புதுக் கயிறு, சலங்கை, கொம்புக்கு அடிக்க பெயின்ட் டப்பா.

"நாளைக்கு என் நைட்டிய மறக்காம எடுத்துக்கினு போ" என்றாள்.

"மாட்டுக் கண்காட்சில அத்தினி பேர் முன்னாடி நைட்டி போட்டுக்கினா கறக்கறது?"

"பின்ன? என்னத் தவிர யாருக்கு அது பால் வுட்டுச்சு? பொண்ண ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போற வேல இல்லன்னா நானே வருவேன்."

"போட்டோ புடிப்பானுங்கமே."

"புடிக்கட்டும். பரிசு பாலுக்குத்தான, போட்டோவுக்கா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "தெரியும். அதான் காலைலயே அந்த நைட்டிய சோப்பு போட்டு அலசி காய வெச்சிட்டேன். நாலு பேர் பாக்கறதாச்சே."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "அது என் வாசனைக்கு நிக்கிதுய்யா. துணிக்கா நிக்கிது?"

அவர் ஜன்னலை விட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"இப்ப இன்னா பண்றது?" என்றார்.

"வூட்டுக்குப் போனதும் அத்த மாட்டிக்கினுதான் சாணி வாரப் போறேன். ராவுக்கும் அதான். விடிகாலைல கழட்டித் தரேன், அப்பிடியே பையில வெய்யி. மறுபடியும் அலசறேன்னு கைய வெச்சே, ஒதைக்கப்போறது மாடு இல்ல."