யாரும் குறுக்க கேக்காதீங்க

கட்டுமாவடி பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். ஆன்லைனில் கருவாடு விற்பவர்கள் போலிருக்கிறது. அவர் போனைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"மறுபடி வெலைய ஏத்திட்டான். நம்ம வெப்சைட் பேர நாமளே ஏலத்துல எடுக்கணும்னு தலையெழுத்து."

"ரினிவல் பண்ண மறந்தது யாருங்க?"

"அத விடு. நேத்து வரைக்கும் நாம மட்டுந்தான் கேட்டிருந்தோம். இன்னிக்கி எவனோ போட்டிக்கு வாரான்."

"காலையில என்ன பண்ணுனீங்க?"

"கண்மாய் மீன் ஏலத்துக்கு முன்னாடி ஊருக்குள்ள சொல்லி வைப்போம்ல, அதேதான். 'எங்க கடைப் பேரு ஏலத்துக்கு வந்திருக்கு, யாரும் குறுக்க கேக்காதீங்க'ன்னு கருவாட்டு யாவாரிக குரூப்புல போட்டேன். அத்தன பேரும் சரின்னு கும்புடு போட்டாங்க."

அந்த அம்மா முழுசாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"நீங்க சொல்ற வரைக்கும் இப்படி ஒரு ஏலம் நடக்குறதே அவங்களுக்குத் தெரியாதேங்க! கண்மாய்க்கரையில கேக்குறவன் மொகம் தெரியும், கூசுவான். இதுல யாரு கேக்குறான்னே தெரியாதே!"

அவர் போன் டிங்கென்றது. எட்டிப் பார்க்காமல் இருக்க என்னாலேயே முடியவில்லை.

"இன்னும் ஏறுது" என்றார். "குரூப்புல இன்னொரு தடவ சொல்லிப் பாக்கவா?"