அதுவாக விழுந்த இலைகள்

எனக்குச் செடிகொடிகளில் அப்படியொன்றும் பெரிய ஆசை கிடையாது, ஃபாதர். முப்பத்தொரு வருடம் காரிமங்கலம் – கிருஷ்ணகிரி பஸ்ஸில் கண்டக்டராக நின்றே காலம் போய்விட்டது. தோட்டத்துக்கு நேரம் ஏது. ஓய்வுபெற்ற பிறகுதான் பக்கத்து வீட்டு மொட்டைமாடியைக் கவனிக்கத் தொடங்கினேன்.

அங்கே தையல்காரர் அப்துல் சுபானும் அவர் மனைவி ஜான் பீயும் இருக்கிறார்கள். ஓசூரில் கட்டிக்கொடுத்த மகள் ஹீனா வரும்போதெல்லாம் அம்மாவுக்கு ஒரு சக்குலென்ட் செடி கொண்டுவருவாள். தடித்த இலைகள், ரோஜாப்பூ மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். ஓர் இலையை எடுத்து நிழலில் மூன்று நாள் காயவைத்து, மணல்மேல் சும்மா கிடத்தினால் போதும். வேர் விட்டு, அடியில் பொட்டு அளவுக்கு ஒரு குட்டிச் செடி எட்டிப் பார்க்கும். இவ்வளவு சுலபமாகப் பிள்ளை பெறும் ஒன்றை ஒரே வீட்டில் அடைத்து வைப்பது சரியா என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதில் தப்பில்லையே.

முதலில், உதிர்ந்து எங்கள் மாடிப்பக்கம் விழுந்த இலைகளைத்தான் எடுத்தேன். விழுந்த இலைக்குச் சொந்தக்காரர் கிடையாது. பிறகு, விழப்போகும் இலைகளை எடுத்தேன். இன்று விழாவிட்டால் நாளை விழும். அதற்கப்புறம் எந்த இலை விழப்போகிறது என்பதை நானே முடிவு செய்ய ஆரம்பித்தேன். இலையைப் பிடித்து இடமும் வலமும் லேசாக அசைத்தால் அடியோடு சுத்தமாக வரும், முறித்தால் அழுகிவிடும். நான் ஒன்றைக்கூட முறித்ததில்லை. அந்த விஷயத்தில் என்னைக் குறை சொல்ல முடியாது.

போன மாதம் ஹீனாவின் பிரசவத்துக்காக இருவரும் ஓசூர் கிளம்பினார்கள். ஜான் பீ மாடிச் சாவியை என் கையில் கொடுத்தார்.

“சவுரியண்ணா, தண்ணி மட்டும் ஊத்திடாதீங்க. வெயில் ஏறுச்சுன்னா பச்ச வலைய இழுத்து உட்டுடுங்க, போதும். உங்கள நம்பித்தான் போறனுங்க.”

ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை, ஃபாதர். கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன். மூன்று வாரத்தில் பதினோரு தொட்டிகளும் மொட்டையாகிவிட்டன. வேளாங்கண்ணியில் முடி கொடுத்துவிட்டு வரிசையாக நிற்பவர்களைப் போல வெறும் தண்டுகள் நின்றன.

பேத்தி பிறந்துவிட்டாள், தாயையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு நாளை வருகிறோம் என்று சுபான் பாய் போன் செய்தார். எனக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. அந்தக் காரணம் எதிர்வீட்டு வாசலில் கட்டிக் கிடந்தது. முனியம்மாளின் ஆடு, பெயர் வெள்ளச்சி. தனிக்கட்டையான முனியம்மாளுக்குப் பேச்சுத் துணையே அதுதான். ஒரு கை கருவேலங்காயைக் காட்டி அதை மாடிப்படி ஏற்றினேன்.

உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த ஆடு தண்டுகளை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. கருவேலங்காயைத் தின்றது, என் கையை நக்கியது, தானாகவே இறங்கிப் போய்விட்டது. புழுக்கைகூடப் போடவில்லை. அதை நான்தான் எதிர்வீட்டு வாசலிலிருந்து டிபன் பாக்ஸில் அள்ளிவந்து தொட்டிக்கு நாலாகப் பரப்பினேன்.

மறுநாள் ஜான் பீ மாடியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். எனக்கே சங்கடமாக இருந்தது. ஆட்டை மாடியில் கண்ணால் பார்த்தேன் என்றேன். பார்த்தேன்தானே, அது பொய்யில்லை. முனியம்மாள் ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “இது கருவேலங்காயத் தவிர எதுக்கும் கழுத்த நீட்டாதுங்களே” என்றாள். தெருவே கூடிப் பேசிய பிறகு அவளுக்குத் தலை நிமிரவில்லை. கயிற்றை அவிழ்த்து ஜான் பீயின் கையில் வைத்தாள்.

“நீங்களே வெச்சுக்கங்க பாயம்மா. எங்கிட்ட வேற எதுவும் இல்லீங்க. இனி இத வூட்ல வெச்சுக்கிட்டு உங்க மூஞ்சிய எப்பிடி பாக்கறது?”

வேண்டாம் என்றுதான் ஜான் பீ சொன்னார். அவள் கேட்கவில்லை, ரோஷக்காரி. வரும் வெள்ளிக்கிழமை பேத்திக்கு அகீகா. பிறந்த குழந்தைக்காக ஆடு அறுத்து உறவுக்கும் தெருவுக்கும் விருந்து வைப்பார்கள். நொண்டி நொடமில்லாத நல்ல ஆடாகத் தேட வேண்டும். அந்த அலைச்சல் அவர்களுக்கு மிச்சமாயிற்று.

முந்தாநாள் ஜான் பீ என் வீட்டுக்கு வந்தார். “அண்ணா, எப்பவாச்சும் ஒரு இலை உங்க மாடிப்பக்கம் வுழுந்து கெடந்துச்சுங்களா? ஒண்ணே ஒண்ணு இருந்தாக்கூட மறுபடியும் வளத்துக்குவேன்.” அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. உள்ளே போய் ஓர் இலையைக் கொண்டுவந்து கொடுத்தேன். கொஞ்சம் வாடியதுதான். கண்கலங்கக் கைகூப்பினார். இல்லாதவர்களுக்குக் கொடுப்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது, ஃபாதர்.

நீங்கள் சொல்வது புரிகிறது. வெள்ளிக்கிழமைக்குள் போய் நடந்ததைச் சொன்னால் ஆடு பிழைக்கும், முனியம்மாளிடம் திரும்பிவிடும். அதையும் யோசிக்காமல் இல்லை. ஆனால் என் பின்கட்டில், டீக்கடைப் பேப்பர் கப்புகளில், நூற்று நாற்பத்து மூன்று குட்டிகள் இருக்கின்றன. விஷயம் தெரிந்தால் ஜான் பீ அத்தனையையும் கேட்பார். இப்போதுதான் வேர் விட்டிருக்கின்றன; இந்த வெயிலில் இடம் மாற்றினால் ஒன்றுகூடத் தேறாது. ஓர் உயிருக்காக நூற்று நாற்பத்து மூன்று உயிர்களைக் கொல்லச் சொல்கிறீர்கள். நான் அவ்வளவு கல்நெஞ்சக்காரன் இல்லை. நீங்களும் இதை வெளியே சொல்ல முடியாது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டது உங்களோடு போக வேண்டும்.

விருந்துக்குப் போகத்தான் போகிறேன். அக்கம்பக்கத்தில் அழைத்துப் போகாவிட்டால் நன்றாக இருக்காது. ஆனால் தவக்காலத்து வெள்ளிக்கிழமை, கறியைத் தொட மாட்டேன். எனக்கு வெறும் குஸ்கா போதும் என்று ஜான் பீயிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அந்த ஆட்டின் பாவம் எனக்கு வேண்டாம், ஃபாதர்.