சோத்துக் கை நகம்

"தூங்கறப்போ என் நகத்த வெட்டச் சொல்லி உன்ன யாருப்பா கேட்டது?"

காலையில் வேங்கிக்கால் போகும் டவுன் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த பெண் தன் அப்பாவிடம் கேட்டாள். மடியில் சர்டிபிகேட் ஃபைல். நான் போனைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

"இன்டர்வியூக்குப் போற. எடது கையில ஒட்ட வெட்டிட்டு, சோத்துக் கையில மட்டும் நகம் வளத்து வெச்சிருந்தா ஆபீசருங்க என்ன நெனைப்பாங்க?"

"கிடாருக்கு அப்படித்தான்னு எத்தினி தடவ சொன்னேன்? நான் பாத்துக் கத்துக்கிட்ட அந்த கிராமியப் பாட்டுக்காரரு கிடார நகத்தாலதான் மீட்டறாரு. கட்டைவிரல் தாளம் போடும், அதே நேரத்துல பக்கத்து மூணு விரலும் மெட்டு வாசிக்கும். அது கைக்கு வர எனக்கு ஒரு வருஷம் ஆச்சு."

"நகம்தானேம்மா, வளந்துடும்."

"ஞாயித்துக்கிழமைக்குள்ளயா? ஆசிரமம் பக்கத்துல அந்த காபிக் கடையில அவரு முன்னாடி வாசிக்கணும்ப்பா. இன்னிக்கு வியாழன்."

கலெக்டர் ஆபீஸ் எல்லாம் இறங்கு என்று கண்டக்டர் சத்தம் போட்டார். அப்பா எழுந்திருக்கவில்லை.

"எல்லாத்தையும் வெட்டலம்மா. மனசு கேக்கல. சுண்டுவிரல விட்டுட்டேன்."

அவள் தன் கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"வாசிக்கறதுக்கு வேணாத விரல் அது ஒண்ணுதாம்ப்பா."

பஸ் நின்றது. அவள் அந்தக் கையை அவர் மடியில் வைத்தாள்.

"நெயில் கட்டர் எடுத்தாந்திருக்கியா? அதையும் வெட்டிடு."